சத்தம் எதன் பின்னால் போகிறது? ஒரு மொரிஸ் மைனரின் கீச்சொலி பற்றிய நிகழ்வு ஆய்வு

2023 மார்கழி. திருவெம்பாவைக்காரர் சங்கும் சேமக்கலமுமாக எங்கள் ஒழுங்கையைக் கடந்து போன பிறகு, அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகக் காரை ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் பிடித்த அடுத்த கணம் பொனற்றுக்குள் இருந்து ‘கிறீ...ச்’ என்று ஒரு சத்தம். தகரத்தில் ஆணியை இழுத்தது போலப் பல்லைக் கூச வைத்தது. ஒன்றரை நிமிடம் கத்திவிட்டு மெல்ல அடங்கியது. அம்மா பின் சீற்றில் இருந்து, “அப்பா இருந்திருந்தால் இந்தச் சத்தத்தோட காரைக் கேற்றுக்கு வெளியே எடுத்திருக்க மாட்டார்” என்றார். அந்தச் சொல் அன்று முழுவதும் மனதில் நின்றது.

கார் ஒரு மொரிஸ் மைனர் 1000. 1962க்குப் பிறகு வந்த 1098 சிசி எஞ்சின், நான்கு சில்லிலும் ட்ரம் பிறேக், மின்சாரத்துக்கு ஓல்ட்டர்னேற்றர் இல்லாமல் பழைய லூக்காஸ் டைனமோ. அப்பா வாங்கி ஓடியது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்கு இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் கார்பறேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய கார்களில் இதுவும் ஒன்று. 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது மாமரத்துக் கொட்டிலுக்குள் மாதக்கணக்கில் அசையாமல் நின்றது. இந்த இரண்டு காலங்களும் இந்தச் சத்தத்தோடு சம்பந்தப்பட்டவை என்பது எனக்குக் கடைசியில்தான் விளங்கியது.

முதலில் கொண்டுபோன கராஜில் பொனற்றைத் திறந்த உடனேயே, “ஃபான் பெல்ட் தான், மாத்தினால் சரி” என்றார்கள். எஞ்சினின் சுழற்சியை ஃபானுக்கும் வோட்டர் பம்புக்கும் டைனமோவுக்கும் கொண்டுபோகும் றப்பர்ப் பட்டி அது. புது பெல்ட் போட்டு, டைனமோவை ஒரு இரும்புக் கம்பியால் நெம்பி, பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி இறுக்கிவிட்டார்கள். ஒன்பது நாள் சத்தமே இல்லை. பத்தாம் நாள் விடியப் பழையபடி கிறீச். திரும்பப் போனேன். இந்த முறை, “வோட்டர் பம்ப் போகுது போல, கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேணும்” என்றார்கள். இதற்கிடையில் ஓடும்போதும் வேறு மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் கேட்பதாக எனக்குத் தோன்றியது. அதைச் சொன்னபோது முன் சில்லுப் பெயரிங்கையும் சேர்த்து மாற்றச் சொன்னார்கள். ஆக பெல்ட், பம்ப், பெயரிங் என்று மூன்று சாமான். எதையும் கழற்றிப் பார்த்துச் சொன்னதல்ல, மூன்றும் ஊகம்.

அவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. வாசலில் பத்து முச்சக்கர வண்டி நிற்கும் கராஜில் ஒரு சத்தத்துக்காக அரை நாள் ஒதுக்க முடியாது. ஆனால் காரின் சொந்தக்காரரால் முடியும். அதுவும் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, வீட்டில் இருக்கும் பழைய காரையே பார்த்துப் பார்த்து ஓடவேண்டிய நிலை பலருக்கு வந்தது. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

எங்கள் ஒழுங்கை முடக்கில் ஒரு ஐயா இருக்கிறார். நாற்பது வருடத்துக்கு மேல் ஒஸ்ரின், மொரிஸ், ஹில்மன் என்று பழைய கார்களுக்குள்ளேயே வாழ்ந்தவர். இப்போது கை நடுங்குவதால் வேலையை விட்டுவிட்டார். அவரிடம் போய் முழுக்கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “தம்பி, சத்தம் எங்கை இருந்து வருது எண்டு தேடாதை. எதுக்குப் பின்னால போகுது எண்டு பார். எஞ்சினுக்குப் பின்னாலயா, சில்லுக்குப் பின்னாலயா, சுமைக்குப் பின்னாலயா? அதுக்குப் பிறகு ஸ்பனரைத் தூக்கு” என்றார்.

இந்த ஒரு கேள்விதான் முழு வேலையையும் திருப்பிப் போட்டது. காருக்குள் சத்தம் இரும்பு வழியே ஓடித் திரியும். முன்னுக்குப் பிறக்கும் சத்தம் காலடியில் கேட்கும். காதை நம்பி இடம் சொல்வது கஷ்டம். ஆனால் சத்தம் எதோடு கூடுகிறது, எதோடு குறைகிறது என்பதைக் காது தெளிவாகச் சொல்லிவிடும்.

ஒரு கொப்பியில் மூன்று நாள் எழுதி வைத்தேன். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சத்தம் நிச்சயம் வரும், ஒன்று இரண்டு நிமிடத்தில் அடங்கும். பனி கூடிய நாளில் இன்னும் மோசம். சூடேறிய எஞ்சினில் வராது. ஆனால் இரவு ஹெட்லைட்டைப் போட்டால் சூட்டிலும் வரும். அந்த நேரம் டாஷ்போர்டில் இருக்கும் சிவப்பு இக்னிஷன் லைற் மங்கலாக மினுங்கும். லைற்றை நிறுத்தினால் சத்தமும் நிற்கும், மினுக்கமும் நிற்கும். இதையெல்லாம் கார் நிற்கும்போதே கேட்கலாம். ஓடும்போது வந்தது இதுவே அல்ல. அது மெல்லிய, துண்டு துண்டான கீச்சு, குருவிக்குஞ்சு கத்துவது போல. மணிக்கு இருபது மைல் தாண்டினால்தான் தொடங்கும்.

எழுதிப் பார்த்த பிறகுதான் அங்கே இருப்பது ஒரு சத்தம் அல்ல, இரண்டு என்று கண்டேன். இரண்டையும் ஒன்றாக நினைத்ததால்தான் எல்லோருடைய வைத்தியமும் பாதியில் நின்றது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். லைற்றைப் போட்டால் ஏன் சத்தம் வரவேண்டும்? யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையே இல்லை. மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். வயர் கழன்றிருந்தால் சில்லு சும்மா சுழலும். றேடியோவைக் கொழுவியதும் பெடல் பாரமாகும். மின்சாரம் எடுக்க எடுக்க டைனமோ சுழல மறுக்கும். காரிலும் அதேதான். இரண்டு ஹெட்லைட்டும் ஏறக்குறைய 90 வாற்ஸ், அதாவது 12 வோல்டில் ஏழெட்டு அம்பியர். இந்த வகை டைனமோ முழுப் பலத்தோடு தருவதே 22 அம்பியர் அளவுதான். காலையில் ஸ்டார்ட்டர் மோட்டார் பற்றரியிலிருந்து ஒரே மூச்சில் உறிஞ்சியதைத் திரும்ப நிரப்ப டைனமோ முதல் நிமிடங்களில் கடுமையாக உழைக்கிறது. பற்றரி நிரம்ப நிரம்பப் பாரம் குறைகிறது, சத்தமும் அடங்குகிறது. சிவப்பு லைற் மினுங்கியது, டைனமோ சுழலவேண்டிய வேகத்தில் சுழலவில்லை என்பதற்குச் சாட்சி. ஆக, பாரம் ஏறும்போது பெல்ட் வழுக்குகிறது.

இதை உறுதிப்படுத்த ஒரு சின்னச் சோதனை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நீளக் குழாய் மூடி போட்ட போத்தலால் பெல்ட்டின் உட்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். சாரம் கட்டிக்கொண்டோ, தோளில் துவாய் போட்டுக்கொண்டோ இதைச் செய்யக் கூடாது. மைனரின் ஃபானுக்கு மறைப்புக் கிடையாது, துணி நுனி அகப்பட்டால் கையும் சேர்ந்து போகும். தண்ணீர் பட்டதும் சத்தம் அடங்கிச் சிறிது நேரத்தில் திரும்ப வந்தால், பெல்ட் சுற்றி ஓடும் கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம். சத்தம் கூடினால் பெல்ட் பிடிமானம் இல்லாமல் வழுக்குகிறது. என் காரில் வீரிட்டுக் கூடியது.

இங்கேதான் சிக்கல். வழுக்கும் பெல்ட்டை இறுக்குவதுதான் வழமை. ஆனால் இது ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சி இறுகிய பெல்ட். கப்பிகளுக்கு நடுவே நீளமான பகுதியைப் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை அசையவேண்டும். இது கால் அங்குலம்கூட அசையவில்லை. புதியது, இறுகியது, அப்படியும் வழுக்குகிறது. ஐயாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “பெல்ட்டைக் கழட்டிப்போட்டு வா. கப்பியைப் பாப்பம்” என்றார்.

கழற்றினோம். பெல்ட் இல்லாமல் எஞ்சினை அரை நிமிடம் ஓடவிட்டுக் கேட்டோம். வோட்டர் பம்ப் சுழலாததால் அதற்கு மேல் ஓடவிடக் கூடாது. காலைக் குளிரிலேயே ஸ்டார்ட் செய்தும் சத்தமே இல்லை. எஞ்சினின் உள்ளே எதுவும் கத்தவில்லை என்பது அத்தோடு முடிந்தது. ஃபானைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினோம், கையால் சுற்றினோம். வழவழவென்று சுழன்றது, ஆட்டம் இல்லை. பம்புக்கு அடியில் இருக்கும் சின்னத் துளையில் தண்ணீர் கசிந்த அடையாளமும் இல்லை. கொழும்பிலிருந்து எடுப்பிக்கச் சொன்ன பம்ப் நல்ல சுகத்தோடு இருந்தது. டைனமோவைச் சுற்றினால் மட்டும் உள்ளே மணல் அரைபடுவது போல ஒரு கரகரப்பு.

அதற்குப் பிறகு ஐயா ரோர்ச்சை வாங்கி டைனமோக் கப்பியின் பள்ளத்துக்குள் அடித்தார். “பார்” என்றார். பள்ளத்தின் அடி கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. எனக்கு முதலில் அது நல்லதாகத்தான் பட்டது. சுத்தமாகத்தானே இருக்கிறது! அவர் எஞ்சினின் கீழ்க் கப்பியைக் காட்டினார். அதில் இரண்டு பக்கச் சுவர்களும் மினுங்கின, அடி மங்கிக் கறுத்துப்போய்க் கிடந்தது. அதுதான் சரியான கப்பி.

இந்த பெல்ட் கிணற்றுக் கப்பியில் ஓடும் கயிறு மாதிரி அடியில் படுத்துப் பிடிப்பதல்ல. அது ஆப்பு வடிவம். பக்கச் சுவர்கள் இரண்டுக்கும் நடுவே நெருங்கி இறங்குவதால்தான் பிடிக்கிறது. சுவர்கள் தேய்ந்து பள்ளம் அகன்றால் பெல்ட் அடிமட்டும் இறங்கி அங்கே உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த பிறகு எவ்வளவு இறுக்கினாலும் ஆப்புப் பிடி வராது, அடியில் உரசி வழுக்கும். நான் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். நேராக இருக்கவேண்டிய சுவர் நடுவில் குழிந்து, தேய்ந்த அம்மிபோல இருந்தது. புது பெல்ட்டின் அடிப்பக்கமோ பத்தே நாளில் எரிந்து மினுக்கம் ஏறி, நகத்தால் கீறினாலும் அடையாளம் விழாத அளவுக்கு இறுகிவிட்டிருந்தது. ஒன்பது நாள் மௌனம் எப்படி வந்தது என்பதும் அப்போது விளங்கியது. புது றப்பர் மென்மையாக இருந்தமட்டும் அடியிலேயே கொஞ்சம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

கப்பி ஏன் இப்படித் தேய்ந்தது? தடைக் காலத்தில் சரியான பெல்ட் கிடைக்காமல் அப்பா தோட்டத்துத் தண்ணி மெசினின் பெல்ட்டைப் போட்டு ஓடியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அகலம் குறைந்தது. அது பள்ளத்தில் ஆழமாக இறங்கிச் சுவரின் கீழ்ப்பாதியைத் தின்றிருக்கும். அப்புறம் 2022இல் மாதக்கணக்கில் நின்றபோது உப்புக் காற்றில் கப்பி துருப்பிடித்தது. துருவோடு திரும்ப ஓடத் தொடங்கியதும் அது அரத்தாள் மாதிரி மிச்சத்தையும் பெல்ட்டையும் சேர்த்து அராவியது. என் கணிப்பு இதுதான், கப்பியில் கண்ட தேய்மானமும் இதற்கு ஒத்தே வருகிறது.

சவுக்காரம் பூசினால் சத்தம் நிற்கும் என்று பலர் சொன்னார்கள். நிற்கும்தான். இரண்டு நாளைக்கு. பிறகு அதில் தூசி ஒட்டி இன்னும் மோசமாக வழுக்கும். பெல்ட்டில் எதையும் பூசவேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கம்பியால் நெம்பி இறுக்குவது அதைவிடக் கெட்டது. அந்த இழுவை முழுவதும் டைனமோவின் பெயரிங்கிலும் வோட்டர் பம்பின் பெயரிங்கிலும்தான் விழும். என் டைனமோவின் கரகரப்பு அந்தப் பத்து நாளில் கூடியது என்றே நினைக்கிறேன்.

டைனமோவின் பின்மூடியில் ஒரு சிறு துளை இருக்கிறது. அதற்குள் நுண்துளை கொண்ட வெண்கலப் புஷ்ஷும் ஒரு கம்பளித் துண்டும். எண்ணெயை அந்தக் கம்பளி உறிஞ்சி வைத்து மெல்ல மெல்லப் புஷ்ஷுக்குக் கொடுக்கும். என் காரில் அந்தத் துளையே தெரியவில்லை, மண்ணும் கிறீசும் அடைத்திருந்தது. எத்தனை வருடம் எண்ணெய் காணவில்லையோ! அயலில் ஒருவருடைய வளவில் ஓடாமல் நிற்கும் இன்னொரு மைனரின் செத்துப்போன டைனமோவில் இருந்து நல்ல கப்பி ஒன்று கிடைத்தது. எங்கள் டைனமோவைக் கழற்றி, புதுப் புஷ்ஷும் முன் பெயரிங்கும் போட்டு, அரைநிலா வடிவக் கீயைப் பழைய இடத்திலேயே வைத்து அந்தக் கப்பியை ஏற்றினோம். எண்ணெய்த் துளைக்கு எஞ்சின் ஒயில் மூன்று துளி. கூட விட்டால் எண்ணெய் உள்ளே தெறித்து, மின்சாரத்தை எடுக்கும் கரிக்கட்டைகள் உரசும் இடத்தைக் கெடுத்துவிடும். மூன்று கப்பிக்கும் குறுக்கே நேரான இரும்புப் பட்டம் ஒன்றை வைத்துப் பார்த்ததில் டைனமோ ஒரு வாஷர் கனம் பின்தள்ளி நின்றது. வாஷரைப் போட்டோம். எரிந்த பெல்ட்டை எறிந்துவிட்டு இன்னொன்று வாங்கி, ஒரு அங்குல அசைவு விட்டுக் கட்டினோம்.

அடுத்த நாள் விடிய பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட் செய்தேன். சத்தம் இல்லை. ஹெட்லைட்டைப் போட்டேன், வைப்பரைப் போட்டேன், ஹோர்னையும் அடித்தேன். சிவப்பு லைற் அணைந்தே இருந்தது.

இனி இரண்டாவது சத்தம். இதைப் பிடிக்க எங்கள் ஊர் ஒழுங்கைகளே உதவி செய்தன. இரண்டு பக்கமும் உயர்ந்த மதில் இருக்கும் ஒழுங்கையில் கண்ணாடியை இறக்கிவிட்டு, சத்தம் தொடங்கும் வேகத்தில் ஓடினால், காரின் சத்தம் மதிலில் பட்டுக் காதுக்கே திரும்பி வரும். கிடுகு வேலி இருந்த காலத்தில் இந்த வசதி கிடையாது, கிடுகு சத்தத்தைக் குடித்துவிடும். சில்லில் பிறக்கும் சத்தம் என்றால் இடப்பக்க மதிலா வலப்பக்க மதிலா என்றுகூடத் தெரியும். நான் ஓடிய ஒழுங்கையில் மதில் எதையுமே திருப்பிச் சொல்லவில்லை. அதாவது சத்தம் காருக்கு வெளியே போகவில்லை, உள்ளேயே பிறக்கிறது.

பிறகு பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போனேன். நேரான, மட்டமான தெரு, காலையில் சனமும் குறைவு. இருபத்தைந்து மைல் வேகத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, எஞ்சினைத் தன்பாட்டில் மெல்ல ஓடவிட்டேன். கீச்சுச் சத்தம் குறையவில்லை. அப்படியென்றால் அது எஞ்சினுக்குப் பின்னால் போகவில்லை, சில்லுக்குப் பின்னால் போகிறது. பிறேக்கை மெல்லத் தொட்டேன், மாற்றம் இல்லை. பிறேக் சூ உரசினால் தொட்டதும் சத்தம் மாறும் அல்லது நிற்கும். ஸ்ரியறிங்கைச் சற்று இடம் வலமாக அசைத்தேன். சில்லுப் பெயரிங் என்றால் பாரம் ஒரு பக்கம் சாயும்போது சத்தம் கூடும் அல்லது குறையும். அதுவும் இல்லை. அப்போதுதான் டாஷ்போர்டின் நடுவில் இருக்கும் ஸ்பீடோ மீற்றரைப் பார்த்தேன். முள் இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஒரு கீச்சு. இத்தனை நாளாகக் கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது.

கியர்பொக்ஸில் இருந்து மீற்றர் வரை வரும் கேபிள் வறண்டுபோய்விட்டது. மீற்றருக்குப் பின்னால் இருக்கும் சுரையைக் கையால் கழற்றி, உள் கேபிளை முழுவதும் உருவி எடுத்துவிட்டு ஒழுங்கையில் ஒரு சுற்று ஓடினேன். சத்தமே இல்லை. கேபிளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மெல்லியதாகக் கிறீஸ் பூசித் திரும்பச் செருகினேன். மீற்றர்ப் பக்கத்து நுனியில் எட்டு அங்குலத்துக்குப் பூசவில்லை. பூசினால் கிறீஸ் ஏறி மீற்றருக்குள் போய் முள்ளையே பிடித்துவிடும். அரை மணித்தியால வேலை. இதற்குத்தான் முன் சில்லுப் பெயரிங் மாற்ற இருந்தேன்.

சண்ணி, கொரோலா போன்ற பழைய ஜப்பான் கார் வைத்திருப்பவர்களுக்கும் கேள்வி இதுதான், சாமான்கள்தான் வேறு. ஸ்ரியறிங்கை முழுக்க ஒடிக்கும்போது கத்தினால் பவர் ஸ்ரியறிங் பெல்ட்டைப் பாருங்கள். ஏசியைப் போட்டதும் கத்தினால் அந்த பெல்ட்டையும் கொம்பிறஸர்ப் பக்கத்தையும் பாருங்கள். ஓடும்போது கத்தி, பிறேக் அழுத்தினால் நின்றால், டிஸ்க் பாட் தேய்ந்து முடியும் நேரம் உரசுவதற்கென்றே வைத்த இரும்பு நாக்கு உங்களைக் கூப்பிடுகிறது. அதைத் தள்ளிப்போடாதீர்கள். மைனர் போன்ற ட்ரம் பிறேக் கார்களில் ட்ரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவேண்டாம். பழைய லைனிங்குகளில் கல்நார் (அஸ்பெஸ்ரோஸ்) உண்டு. அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், எங்கள் கராஜ்களில் இன்றும் வாயால் ஊதும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

புது பெல்ட் கொஞ்சம் நீளும். அதனால் முந்நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு திரும்ப அழுத்திப் பார்த்தேன். ஒரு அங்குலத்துக்கு மேல் அசைந்தது, ஒரு தடவை சரிப்படுத்தினேன். அதற்குப் பிறகு அடுத்த மார்கழிப் பனியும் வந்து போனது. கப்பியின் சுவர்கள் மினுங்குகின்றன, அடி கறுத்தே இருக்கிறது. ரோர்ச் அடித்துப் பார்ப்பது இப்போது என் பழக்கமாகிவிட்டது.

இன்னும் ஒரு சத்தம் மிச்சம் இருக்கிறது. மழை பெய்த இரவுக்கு அடுத்த காலையில் முதல் பிறேக்கில் இடப்பக்க முன் சில்லு ஒரு சின்ன முனகல் முனகும். இரண்டு மூன்று தரம் பிறேக் பிடித்ததும் போய்விடும். ட்ரம்மின் உட்சுவரில் இரவோடு இரவாகப் படிந்த மெல்லிய துரு அது, சூ உரசியதும் கழுவுப்பட்டுப் போகும். ஐயாவிடம் சொன்னேன். “எதுக்குப் பின்னால போகுது?” என்று கேட்டார். “மழைக்குப் பின்னால” என்றேன். “அப்ப விடு” என்றார்.